மாப்பிள்ளை போட்ட மயிலூரணி ரோடு

அருப்புக்கோட்டை,
ஜூன் 1997, புதன்கிழமை காலை.

ஆண்டவர் கிருபையால் நீடித்த ஆயுளும் நிறைந்த மரியாதையும் பெற்று விளங்கும் மச்சான் சாம்ராஜ் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவனும் ஓய்வு பெற்ற ரோடு ஓவர்சியருமான தாவீதுராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் தங்கையும் மகள் ஹெப்சிபாவும் சுகம். திருச்சியில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முழங்காலுக்கு நான் கொடுத்தனுப்பிய தைலம் சேர்ந்திருக்கும். இங்கே மழை இல்லை, காற்று மட்டும் இருக்கிறது, அதுவும் மண்ணோடு வருகிறது. சரி, சுகம் விசாரித்தாயிற்று. இனி விஷயம். ஹெப்சிபாவின் கல்யாணத்தை நிறுத்த வேண்டும்.

தாங்கள் பதறக் கூடாது. நான் பதறவில்லை. முப்பது வருஷம் ரோடு போட்டவன், எங்கே வண்டியை விட வேண்டும், எங்கே கல்லைக் குறுக்கே போட்டு மறிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நம் வழக்கப்படி பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சேர்த்துக் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள், யாரும் எழுந்து தடை சொல்லாவிட்டால் கல்யாணம் என்று தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு ஓலை வாசித்தாயிற்று. இரண்டு தடவையும் நான் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன், முதல் தடவை பெருமையாக, இரண்டாம் தடவை சந்தேகத்தோடு. வரும் ஞாயிறு மூன்றாம் ஓலை. தாங்கள் சனிக்கிழமையே வந்து சேர்ந்து, ஆராதனையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "தடை உண்டானால் தெரிவிக்கலாம்" என்று பாஸ்டர் கேட்டதும் என்னோடு கூட எழுந்து நிற்க வேண்டும். பெண்ணின் தாய்மாமன் எழுந்தால் சபையே திரும்பிப் பார்க்கும். நான் மட்டும் எழுந்தால் ஜன்னல் திறக்க எழுந்தேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மாப்பிள்ளை ஆஸ்டினைப் பற்றித் தங்களுக்கு நினைவிருக்கும். மல்லாங்கிணறுக்காரன், எலெக்ட்ரிக்கல் டிப்ளமா, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீடியோ கேம் கடை வைத்திருக்கிறான். கிறிஸ்துமஸுக்குத் தாங்கள் போட்ட கடிதத்தில், "மல்லாங்கிணறுப் பக்கம் ஒரு நல்ல பையன் இருப்பதாகக் கேள்வி" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, தங்கள் தங்கை "வேண்டாங்க, வீடியோ கேம்காரன் நமக்கு எதுக்கு" என்று தடுக்கத் தடுக்க, மகள் "எனக்குக் கல்யாணமே வேணாம்ப்பா" என்று முகத்தைத் திருப்பத் திருப்ப, விடாப்பிடியாக நின்று இந்தச் சம்பந்தத்தை முடித்தவன் நான். இந்த வீட்டில் மற்றவர்கள் எதை வேண்டாம் என்கிறார்களோ அதைத்தான் நான் செய்வேன் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

ஆனாலும் வேலை முடிந்த பிறகும் போய்ப் பார்க்கிறவன்தான் ஓவர்சியர். நிச்சயம் முடிந்த மறுநாளே மாப்பிள்ளையின் தொழிலைப் பார்வையிடக் கடைக்குப் போனேன். நீளமான ஒரு அறை, நாலு டி.வி., ஒவ்வொரு டி.வி.க்கு முன்னாலும் ஒரு பெஞ்சு. கேசட்டைப் பெட்டியில் சொருகுவதற்கு முன் ஆஸ்டின் அதை வாயால் ஊதினான். படம் வராவிட்டால் எடுத்து இன்னொரு தடவை ஊதினான். மூன்று வருஷம் எலெக்ட்ரிக்கல் படித்தது இதற்குத்தானா என்று நினைத்துக்கொண்டேன். "வாங்க மாமா, ஒக்காருங்க. காப்பியா, கலரா, என்ன சாப்டுறீக?" என்றான். "ஒண்ணும் வேணாம். நீ பாட்டுக்கு ஒன் வேலையப் பாரு மாப்ள, நான் சும்மா பாத்துட்டுப் போறேன்" என்றேன். சும்மா பார்ப்பது எனக்கு வராது என்று தங்களுக்குத் தெரியும். அரை மணி நேரத்தில் ஜாய்ஸ்டிக் என் கையில் இருந்தது. அன்றிலிருந்து காலையும் மாலையும் அங்கேதான். இதைப் பொழுதுபோக்கு என்று தங்கள் தங்கை சொல்லுவாள். நம்ப வேண்டாம். அது ஆய்வு.

அதில் ஒரு ஆள் முதுகில் பையை மாட்டிக்கொண்டு இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டே இருப்பான். ஏன் போகிறான், யார் அனுப்பினார்கள் என்று கேட்கக் கூடாது. எனக்கு அந்த ஆளைப் பற்றி அக்கறையில்லை மச்சான். அவன் போகிற பாதையைத்தான் நான் பார்த்தேன். பாதை ஒவ்வொரு துண்டாக மாறும், ஒவ்வொரு துண்டுக்கும் லெவல் என்று பெயர். முதல் லெவலைப் போட்டவன் எவனோ, அவன் கெட்டிக்காரன். முதலில் முழங்கால் அளவு ஒரு பள்ளம் வைக்கிறான், விழுந்தாலும் ஏறி வந்துவிடலாம். கொஞ்ச தூரம் தள்ளி, பார்க்க அதே மாதிரி, ஆனால் விழுந்தால் உயிர் போகிற பள்ளம். அதாவது போர்டு வைக்காமலே எச்சரிக்கை செய்துவிட்டான். நம் ஆட்கள் "கவனம், வேலை நடக்கிறது" என்று அழகாக எழுதி, அந்தப் போர்டையே பள்ளத்துக்குள் போட்டுவைப்பார்கள். தாவ வேண்டிய இடத்தில் அவன் காற்றில் வரிசையாகப் பழத்தைத் தொங்கவிடுகிறான், அதைப் பிடிக்கத் தாவினாலே கால் சரியான இடத்தில் போய் நிற்கும். நாம் ரோட்டோரப் புளிய மரத்துக்குச் சுண்ணாம்பு அடித்து இருட்டில் வண்டிக்காரனுக்கு வழி காட்டுகிறோமே, அதே தந்திரம். இவ்வளவு தெரிந்தவன் நெருப்புக் கோட்டை லெவலில் மட்டும் ஏன் கோட்டை விட்டான் என்று தெரியவில்லை. கீழே கொதிக்கிற குழம்பு, மேலே ஒற்றைப் பாலம், பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. எந்த இன்ஜினீயர் இதற்குக் கையெழுத்துப் போட்டார் என்று கேட்டேன், கடையில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. பனி லெவலும் எனக்கு ஆகாது. நின்றால் வழுக்குகிறது. ஒரு லோடு மணல் அடித்தால் தீர்ந்துபோகிற பிரச்சினை.

எனக்குப் பிடித்தது நாலாவது லெவல், பொட்டல். வெளிறிப்போன வானம், வெடித்த தரை, அங்கங்கே முள். மற்றவர்கள் அதை ஒரே ஓட்டமாக ஓடிக் கடப்பார்கள், நான் மட்டும் நின்று பார்ப்பேன். அங்கே ஒளிய இடம் கிடையாது, வருகிற எதிரி தொலைவிலேயே தெரிவான், நாம் ஆற அமர யோசித்து அடிக்கலாம். திருச்சுழிப் பக்கம் சைக்கிளில் வருகிற ஆள் யார் வீட்டு ஆள் என்று ஒரு மைலுக்கு முன்பே நாம் சொல்லிவிடுவோமே, அந்த வசதி அந்த லெவலில் இருக்கிறது. ஒரே குறை, முள்ளுக்குக் கள்ளியை வைத்திருக்கிறான். "சீமக் கருவேலத்த விட்டுப்புட்டு எவனாச்சும் கள்ளிய வைப்பானா? இதப் போட்டவன் இந்தப் பக்கம் வந்ததே இல்ல மாப்ள" என்றேன். "அவன் சப்பான்காரன் மாமா" என்றான் ஆஸ்டின். மரியாதையாகத்தான் சொன்னான்.

ஐந்தாவது லெவல் தண்ணீருக்குள். இந்தக் கோடையில் கடைக்கு வருகிற பாதிப் பேர் அந்த லெவலை முடிக்கவே மாட்டார்கள். விசைத்தறி போட்டிருக்கும் மொக்கையன், தறிச் சத்தம் காதில் இரைய இரைய வருவார், வாடகையைக் கொடுப்பார், ஆளைத் தண்ணீருக்குள் இறக்கி ஒரு பாறை மேல் நிறுத்துவார், மீன் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் "அண்ணாச்சி, சுறா வருது, அடிங்க" என்று கத்தினால், "போங்கலே. எங்க தெருவுல கொழாயில தண்ணி வந்து எத்தன நாளாச்சு. செத்த நேரம் இருந்துட்டுப் போறேன்" என்பார். ஒரு இடத்தை எப்படிப் போட வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மனுஷன் முடிக்க மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறான் என்றால் அது நல்ல லெவல். இப்படிப்பட்ட கடையை நடத்துகிறவன் சோடை போக மாட்டான் என்று நானும் மனம் நிறைந்துதான் இருந்தேன், போன சனிக்கிழமை வரை.

சனிக்கிழமை ஆஸ்டின் பைக் ரேஸ் கேசட்டைப் போட்டான். அந்தக் கேசட்டில் ஒரு விசேஷம், அவர்கள் போட்ட ரோட்டில்தான் ஓட்ட வேண்டும் என்பதில்லை, நாமே ரோடு போட்டுக்கொள்ளலாம். சின்ன மேடு, பெரிய மேடு, இரட்டை மேடு, பள்ளம், சேறு எல்லாம் கைவசம் இருக்கும், பொத்தானை அமுக்கி அமுக்கி வேண்டிய இடத்தில் வைக்கலாம். டெண்டர் கிடையாது, ஜல்லி கிடையாது, மந்திரி வருகிறார் என்று ஒரே ராத்திரியில் தார் ஊற்றுவது கிடையாது. "மாமா, இன்னிக்கு இந்த ரோட்டுல ஓட்டிப் பாருங்க. ஒங்களுக்குன்னே போட்டது" என்றான். ஓட்டினேன். ஆரம்பத்தில் ஒரு சின்ன மேடு, சாதாரணமாக ஏறி இறங்கிவிட்டேன். கொஞ்சம் சமதரை. பிறகு குத்தலாக ஒரு மேடு, வண்டியைத் தூக்கிப் போட்டது. பிறகு நீளமாக ஒரு பள்ளம், பள்ளத்துக்கு நடுவில் சேறு. எனக்குக் கண்ணில் ஒன்றும் பிடிபடவில்லை, ஆனால் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த மேடு திரையில் வருவதற்கு முன்பே பெஞ்சை விட்டு இடுப்பைத் தூக்கிக்கொண்டேன். மேடும் வந்தது. "ஏலே, இது முருகேஸ்வரி கொழா மேடுல்ல! அப்ப முன்னாடி வந்தது சங்கையா வீட்டு மேடு! அந்தப் பள்ளம் தாம்போதி!" என்று கத்தியே விட்டேன்.

மச்சான், அது நான் போட்ட மயிலூரணி ரோடு. பரளச்சி போகிற வழியில் விலக்கில் திரும்பி உள்ளே போகுமே, அந்த ரோடு. விவரம் தெரியாதவர்கள் அதைக் குறை சொல்வார்கள். அதில் காரணமில்லாத மேடு ஒன்றுகூடக் கிடையாது. நான் போட்டபோது அது சட்டம் வைத்துத் தேய்த்த மாதிரிதான் இருந்தது. சங்கையா வந்து ரோடு ரோலருக்கு முன்னால் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு, "எங்க ஆட்டுக்குட்டி அடிபட்டா ஆரு பொறுப்பு? மேடு வைங்க, எந்திரிக்கிறேன்" என்றார். வைத்தேன். தார் காய்ந்த வாரமே முருகேஸ்வரி தண்ணீர்க் குழாய்க்காக ரோட்டைக் குறுக்கே வெட்டி, தானே மூடி, மலை மாதிரி மேவிவிட்டு, "கூடத்தான போட்டுருக்கேன் சார், கொறச்சா போட்டேன்?" என்று என்னையே கேட்டாள். தாம்போதி, ஓடைத் தண்ணீர் ரோட்டுக்கு மேலேயே ஓடிக் கடக்கட்டும் என்று விட்ட பள்ளம். மீதி மேடெல்லாம் கரிசல் மண்ணின் வேலை, மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும், மேலே ரோடு இருக்கிறதே என்று பார்க்காது. இத்தனையும் டி.வி.யில் வரிசை மாறாமல், இடைவெளி மாறாமல் வந்தது. உத்தியோகத்தில் இருந்தவரை அந்த ரோட்டை ஒரு அதிகாரியும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. "நாம போட்ட ரோடு டி.வி.ல வருதுய்யா!" என்று சொல்லிக் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கலர் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினேன்.

பாதி வழியில் நடை நின்றுவிட்டது. இவன் கடை அருப்புக்கோட்டையில். வீடு மல்லாங்கிணற்றில், வடக்கே. மயிலூரணி தெற்கே. அங்கே இவனுக்குச் சொந்தமும் இல்லை, நிலமும் இல்லை. அந்த ரோடு மயிலூரணியோடு முடிந்துவிடும், அதைத் தாண்டி வேறு ஊருக்குப் போனேன் என்றும் சொல்ல முடியாது. ஒரு தடவை போய் வந்தவனுக்கு மேடு இருந்தது ஞாபகம் இருக்கலாம். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் நடுவில் எவ்வளவு சமதரை என்பது ஞாபகம் இருக்க வேண்டுமானால் தினமும் போயிருக்க வேண்டும். மயிலூரணியில் இருப்பது ஒரு ஊரணி, ஒரு அம்மன் கோயில், ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் யார் என்று தங்களுக்குத் தெரியும். தங்கள் மருமகள்தான்.

திங்கள்கிழமை காலையில் மயிலூரணி விலக்கில் டீக்கடை வைத்திருக்கும் முத்துராஜைப் போய்ப் பிடித்தேன். "ஆஸ்டின் தம்பியா? தெரியாம என்ன சார். போன வருசம் பூராம் சாயங்காலமானா வண்டியில வந்துருவாருல்ல" என்றான். எதற்கு வருவான் என்று கேட்டேன். "அதென்னமோ, பள்ளிக்கூடம் வரைக்கும் போவாரு, திரும்புவாரு. டீச்சரம்மா பஸ்ஸு ஏறுனதும் பஸ்ஸுக்குப் பின்னாலயே போயிருவாரு." இரண்டு பேரும் பேசிக்கொள்வார்களா என்று கேட்டேன். "மொதல்ல ரொம்ப நாளைக்கு ஒண்ணும் பேசி நான் பாக்கல சார். பஸ்ஸு கெளப்புற புழுதியத் தின்னுக்கிட்டே போவாரு, பாவம்" என்றான். அந்த "பாவம்" எனக்குப் பிடிக்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூப்பிட்டு, "ஆஸ்டின ஒனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று நேராகவே கேட்டேன். "தெரியும்ப்பா" என்றாள், அதுவும் பயமில்லாமல். "எப்படித் தெரியும்?" "நீங்க போட்ட ரோட்டுலதான் வந்தாக." நான் முறைத்தேன். அவள் விடவில்லை. "நீங்க ரோடு போடலேன்னா அந்தக் கரிசக்காட்டுல வண்டி எப்படிப்பா வரும்? மழ பேஞ்சா மாட்டு வண்டியே எறங்காதே." அடுப்படியிலிருந்து தங்கள் தங்கை, "இவுக போட்ட ரோடு ஒருத்தருக்காச்சும் ஒதவுச்சுல்ல" என்றாள். "இந்த மாப்பிள்ளையத் தேடிப் பிடிச்சது நான்" என்று சத்தம் போட்டேன். "ஆமாங்க, நீங்கதான். நாங்கதான் வேணாம்னு சொன்னமே" என்று அவள் சொன்ன விதத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியே என்னை ஓடவிட்டிருக்கிறார்கள். "இதுல ஒண்ணும் தெரியாம ஏமாந்தது நானும் மச்சானுந்தான்" என்று சொன்னேன். தங்கள் தங்கை அதற்கும் சிரித்தாள். என்ன சிரிப்பு என்று கேட்டால் சொல்லவில்லை.

வெளிப்படையாகவே எழுதுகிறேன் மச்சான், எனக்கு வருத்தம்தான். பையன் கெட்டவன் என்பதில்லை. பிடித்திருக்கிறது என்று மகள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். நான் குதித்திருப்பேன், அது வேறு விஷயம், குதித்து முடித்துச் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். என்னை மைல் கல் மாதிரி ரோட்டோரம் நட்டுவைத்துவிட்டு அவர்கள் எல்லோரும் முன்னாலேயே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெற்ற தகப்பனுக்கு இது வலிக்காதா?

சரி, ஒரு ரோடு எப்படி இருக்க வேண்டும் என்று அவனுக்குக் காட்டிவிடுவது என்று நேற்றுக் காலை கடைக்குப் போய், இரண்டாவது டி.வி.யைப் பிடித்து, நானே ஒரு ரோடு போட்டேன். சங்கையாவும் முருகேஸ்வரியும் குறுக்கே வராவிட்டால் மயிலூரணி ரோடு எப்படி இருந்திருக்குமோ, அப்படி. ஒரு மேடு கிடையாது, ஒரு பள்ளம் கிடையாது, சேறு என்ற பேச்சே கிடையாது. என் சர்வீஸில் இப்படி ஒரு ரோட்டைப் போட எனக்கு வாய்த்ததில்லை. ஓட்டிப் பார்க்கும்படி எல்லோரையும் அழைத்தேன். முதல் ஆள், "சார், ரோடு எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்டான். மொக்கையன் பொத்தானில் கட்டை விரலை வைத்தவர் அப்படியே தூங்கிப்போனார், வண்டி தானாகவே போய் எல்லையைத் தொட்டு முதல் பரிசும் வாங்கிவிட்டது. ஆஸ்டின் மெதுவாக, "மாமா, மேடு இல்லேன்னா வண்டி ஓட்டுற மாதிரியே இல்ல" என்றான். "ரோட்டுல குத்தமில்ல. ஓட்டுறவனுகளுக்குப் பக்குவமில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். அப்போதும் அவன் குடையை எடுத்துக் கையில் கொடுத்து, "வெயிலு ஏறிருச்சு மாமா, பாத்துப் போங்க" என்கிறான். கோபத்தில் இருக்கிறவனிடம் இப்படி நடந்துகொண்டால் கோபம் கூடத்தான் செய்யும்.

நேற்று மாலையே பாஸ்டர் ஐயாவைப் பார்த்துத் தடை சொல்லப்போவதை முறைப்படி தெரிவித்தேன். "என்ன தடை ஓவர்சியர்?" என்றார். "பையன் நான் போட்ட ரோட்ட டி.வி.ல போட்டுருக்கான்யா." "தப்பாப் போட்டுருக்கானா?" "இல்லய்யா, அச்சு அசலாப் போட்டுருக்கான். அதான் தடை." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பையனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கா?" "இல்ல." "ரத்தச் சொந்தமா?" "இல்ல." "பொண்ணுக்குச் சம்மதமில்லையா?" "சம்மதம் எல்லாருக்கும் முந்தி வந்துருச்சுய்யா, அதச் சொல்லத்தான வந்தேன்" என்றேன். அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "சபை முன்னால எந்திரிச்சா காரணம் சொல்லணும். நல்லா யோசிச்சுக்கிட்டு வாங்க" என்றார். வர வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்க என்றுதான் சொன்னார். ஆகவே அவர் நம் பக்கம்.

ஆகையால் தாங்கள் சனிக்கிழமை காலை பஸ்ஸைப் பிடித்து மதுரை வழியாக வந்துவிடுங்கள். வெள்ளை வேட்டி சட்டையில் வாருங்கள். காரணம் என்ன என்று சபையில் கேட்டால், "ரோடு விஷயமாக விசாரணை நடக்கிறது" என்று தாங்கள் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்வேன். ஹெப்சிபா அழுவாள். அழட்டும் என்று எழுதத்தான் நினைத்தேன், பேனா ஓடவில்லை. அதற்காக முடிவு மாறாது. அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தங்கள் வீட்டில் மாவும் எண்ணெயும் குறையாமலும், பிள்ளைகள் கால் கல்லில் இடறாமலும், போகிற வழியெல்லாம் நிழல் கிடைக்கவும் ஆண்டவரை வேண்டிக்கொள்ளும்,

எடுத்த முடிவிலிருந்து இம்மியும் நகராத,
தாவீதுராஜ்.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்குத்தான் கிளம்பினேன். ஆனால் எதிராளியிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத் தபாலில் போடுவதுதான் முறை என்று தோன்றியதால் கடைக்குப் போனேன். கரண்டு இல்லை. நாலு டி.வி.யும் இருட்டு, ஆஸ்டின் மட்டும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கரண்டு போனால் அந்தப் பெட்டி தன்னிடம் போட்ட ரோட்டையெல்லாம் மறந்துவிடுமாம். என் ரோடும் போச்சு, அவன் ரோடும் போச்சு. நான் பேச வாயெடுக்கும்போது கரண்டு வந்துவிட்டது. "எங்க, மயிலூரணி ரோட்ட இன்னொரு தடவ போடு பாப்போம்" என்றேன். ஏதாவது ஒரு இடத்தில் தப்புச் செய்வான், பிடித்துக்கொள்ளலாம் என்று.

போட்டான். யோசிக்கவே இல்லை, சோறு பிசைகிறவன் மாதிரி கை பாட்டுக்குப் போனது. சங்கையா மேடு, தாம்போதி, சேறு, முருகேஸ்வரி குழாய், கரிசல் உப்பின இடங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. நான் இந்தத் தடவை பெருமைப்படாமல் ஓவர்சியர் கண்ணோடு பார்த்தேன், பிடித்தும்விட்டேன். பள்ளிக்கூடத்து வாசலில் மேட்டைக் காணோம். பிள்ளைகள் ஓடி வருகிற இடம் என்று யாரும் கேட்காமலே நானாக வைத்த மேடு அது. அந்த ரோட்டிலேயே பெரிய மேடு, மேலே ஏறின எவனும் மறக்க முடியாது. "என்ன மாப்ள, பள்ளிக்கூடத்து வாசல்ல ஒரு மேடு விட்டுப்போச்சே? இருக்கதுலயே பெரிய மேடு அதுதான்" என்றேன். அவன் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டான். காதெல்லாம் சிவந்துபோனது.

"அங்க மேடா இருக்கு?" என்றான். "அந்த எடத்துல நான் ரோட்டப் பாத்ததே இல்ல மாமா."

மச்சான், நான் அந்த ஜாய்ஸ்டிக்கைக் கையில் பிடித்து, இருப்பதிலேயே பெரிய மேடாகப் பார்த்து எடுத்து, விட்டுப்போன இடத்தில் என் கையாலேயே வைத்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை தாங்கள் கட்டாயம் வாருங்கள். பாஸ்டர் கேட்கும்போது நாம் இரண்டு பேரும் உட்கார்ந்தே இருப்போம்.